ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் ஏன்?

(போடிநாயக்கனூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் எழுகின்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். தொடக்கப் பள்ளியில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஐந்து வயது முடிந்த குழந்தைக்கு முத்தடுப்பு ஊசியின் ஊக்குவிப்புத் தவணை போட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வருவார், பட்டியல் கேட்பார், நாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். மறுநாள் காலை ஒரு தாய் வாசலில் நிற்பார்.

"நல்லா ஓடியாடிக்கிட்டிருந்த புள்ளைய ஊசி போட்டுக் காய்ச்சல்ல படுக்க வச்சுட்டீங்களே டீச்சர். இன்னைக்கு நான் எப்படி மலைக்குப் போறது?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று நான் நினைப்பதில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், விடியும் முன்பே போடியை விட்டுக் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை என்று மாநில எல்லை தாண்டிப் போய், பழம் பறித்துவிட்டு மாலையில் இறங்குகிறவர்கள் அவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜீப்பில் ஏற முடியாது; ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அந்தத் தாய் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார். அடுத்த தவணை அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் அதே கணக்குத்தான். தவறிப்போகும் தவணைகளில் எத்தனை இப்படித் தவறுகின்றன என்று உங்கள் பள்ளித் தடுப்பூசிப் பதிவேட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் சாதாரணம்மா, சரியாப் போயிரும்" என்பது பதில் ஆகாது. கூலியை இழந்தவருக்குக் காரணம் கேட்கும் உரிமை இருக்கிறது. அந்தக் காரணம் அறிவியலில் இருக்கிறது, அதுவும் கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்த அறிவியலில்.

வகுப்பில் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? கிருமி எதிரி, வெள்ளையணு போர்வீரன், நடப்பது போர், காய்ச்சல் அதன் வெப்பம். எளிதாக மனத்தில் பதியும், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதை ஒரே கேள்வியில் கவிழ்த்தான்: "ஊசியில இருக்கறது செத்த கிருமின்னு சொன்னீங்க. செத்தவங்களோட எப்படி டீச்சர் சண்டை போடும்?" நல்ல கேள்வி. செத்த கிருமியால் யாரையும் தாக்க முடியாது. அப்படியானால் உடம்பைச் சுட வைப்பது யார்? நம் உடம்புதான். ஏன் சுட வைக்கிறது, யார் சொல்லிச் சுட வைக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

1989-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஜேன்வே இதே இடத்தில்தான் தொட்டார். தூய்மையான புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதோடு செத்த பாக்டீரியாத் துணுக்கு போன்ற ஒரு துணைப்பொருளைக் கலந்தால்தான் எதிர்ப்பு கிளம்புகிறது. இந்தக் கலப்படத்தை நோயெதிர்ப்பியலாளர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத ரகசியம் என்று அவர் கேலி செய்தார். கேலி செய்ததோடு நிற்கவில்லை. கிருமிகளுக்கே உரிய, நம் உடம்பில் இல்லாத சில பொதுவான பொருள்களை அடையாளம் காண நம் செல்களில் பிறவியிலேயே ஏற்பிகள் இருக்க வேண்டும் என்றும் கணித்தார். அப்போது அப்படி ஒரு ஏற்பியையும் யாரும் கண்டதில்லை.

கண்டது எங்கே என்றால், வாழைப்பழத்தில் மொய்க்கிற சிறு ஈயில். அந்த ஈயில் 'டோல்' என்று ஒரு மரபணு உண்டு. ஜெர்மன் மொழியில் வியப்பைக் காட்டும் சொல் அது. ஈயின் கருவில் மேல்புறம் எது, அடிப்புறம் எது என்று நிர்ணயிக்கும் மரபணு என்றுதான் முதலில் அறியப்பட்டது. 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஷூல் ஹோஃப்மானின் ஆய்வுக்குழு, டோல் வேலை செய்யாத ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்க முடியாமல், உடம்பெல்லாம் பூஞ்சை இழை முளைத்துச் சாவதைக் காட்டியது. அடுத்த ஆண்டே ஜேன்வேயும் அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய ருஸ்லான் மெட்ஜிடோவும் மனிதரிலும் டோல் போன்ற ஏற்பி இருப்பதைக் கண்டார்கள்.

1998-இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் செய்த வேலை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஆய்வக எலிகளில் ஒரு வகைக்குப் பாக்டீரியா உறைப்பொருளான எண்டோடாக்சினை எவ்வளவு செலுத்தினாலும் ஒன்றும் ஆகாது. மற்ற எலிகள் அதிர்ச்சியில் சாகும் அளவை இவை சாதாரணமாகத் தாங்கும். பார்த்தால் பலசாலி எலிகள். ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா பாக்டீரியா கொஞ்சம் உள்ளே போனாலும் இவைதான் முதலில் சாகும்! இவற்றின் டோல்-4 ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதை பாய்ட்லர் கண்டுபிடித்தார். அந்த எலிகளிடம் பலம் எதுவும் இல்லை. எச்சரிக்கை மணி அறுந்துபோயிருந்தது, அவ்வளவுதான். காய்ச்சலே வராத பிள்ளை நல்ல ஆரோக்கியம் என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்த எலிக் கதையைச் சொல்லலாம். ஹோஃப்மானுக்கும் பாய்ட்லருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்காக இடையில் ஒன்று. இப்படிப்பட்ட ஏற்பி பயிர்களிலும் உண்டு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலை உணரும் எக்ஸ்ஏ-21 என்ற மரபணு 1995-இல் பிரித்தறியப்பட்டது. நாம் சாப்பிடும் சம்பா மசூரியில் இதையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் கலப்பின முறையில் சேர்த்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உருவாக்கிய ரகம் 2008-இல் வெளிவந்தது. வெள்ளையணுவே இல்லாத செடிக்கும் எச்சரிக்கை மணி இருக்கிறது என்றால், போர்வீரன் கதை எவ்வளவு குறைபட்டது பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மனிதரில் டோல் வகை ஏற்பிகள் பத்து உண்டு. டோல்-4 செல் சவ்வில் குறுக்காக நிற்கிறது. ஒரு பாதி வெளியே, ஒரு பாதி உள்ளே. வெளிப்பாதி குதிரை லாடம் போல வளைந்தது. எண்டோடாக்சின் வந்து பொருந்தினால் இரண்டு ஏற்பிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. இங்கேதான் பிள்ளைகளை நிறுத்திக் கேட்க வேண்டும்: கிருமி செல்லுக்குள் போகவில்லை, எண்டோடாக்சினும் உள்ளே போகவில்லை, ஏற்பியும் இடத்தைவிட்டு நகரவில்லை, ஆனால் உட்கரு வரை செய்தி போய்விட்டது. எப்படி?

வெளியே இரண்டு பாதிகள் இணைந்தவுடன் உள்ளே இருக்கும் இரண்டு வால்களும் பக்கத்தில் வந்துவிடுகின்றன. தனித்தனியாக இருந்தபோது இல்லாத ஒரு பரப்பு, சேர்ந்தபோது உண்டாகிறது. செல்லுக்குள் அலைந்துகொண்டிருக்கும் மை-டி-88 என்ற புரதம் அந்தப் பரப்பில் வந்து ஒட்டுகிறது. ஒன்று ஒட்டினால் அதன் பக்கத்தில் இன்னொன்று. அவற்றின் மேல் ஐராக்-4 என்ற நொதி, அதற்கும் மேல் ஐராக்-2. எல்லாம் சேர்ந்து சுருள் படிக்கட்டு போல ஒரு கோபுரம் எழும்புகிறது. இந்தக் கோபுரத்துக்கு 'மிடோசோம்' என்று பெயர். 2010-இல் ஹாவோ வூ என்ற அறிவியலாளரின் குழு இதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் கொண்டு அதன் வடிவத்தை வெளியிட்டது. கணக்கு துல்லியமாகத் தெரிந்தது: அடியில் 6 மை-டி-88, நடுவில் 4 ஐராக்-4, மேலே 4 ஐராக்-2. மொத்தம் 14.

(இந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'இறப்புப் பகுதி' என்று பொருள்படும் பெயர். செல் இறப்பை ஆராய்ந்தபோது முதலில் கண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதே நல்லது. பாதி வகுப்பு பயந்துவிடும், மீதி வகுப்பு சிரிக்கும்.)

ஏன் இத்தனை பேர் கூட வேண்டும்? ஒரு ஏற்பி, ஒரு தூதன் போதாதா? இதற்கு நம் ஊரிலேயே விடை நிற்கிறது. மலைக்குப் போகும் ஷேர் ஜீப் ஒருவர் ஏறினால் கிளம்புமா? இருவர் ஏறினால்? ஆள் சேரும் வரை நிற்கும்; சேர்ந்ததும் கிளம்பிவிடும். பாதி ஆளுக்குப் பாதித் தூரம் போவது என்பது கிடையாது. மிடோசோமும் அப்படித்தான். தப்பித் தவறி ஒரு துணுக்கு ஒரு ஏற்பியைத் தொட்டுவிட்டுப் போனால் இரண்டு மூன்று புரதங்கள் கூடும், பிறகு கலைந்துவிடும். செல் அதைப் பொருட்படுத்தாது. தொடர்ந்து வந்து மோதினால்தான் கோபுரம் முழுமை அடையும், செய்தி கிளம்பும். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களோடு வாழும் உடம்புக்கு இந்த நிதானம் இல்லாவிட்டால் நாள் முழுவதும் காய்ச்சல்தான்.

உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அதையே விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். ஜீப் முன்பே நிற்கிறது, ஆள் பிறகு ஏறுகிறார்கள். செல்லில் முன்பே நிற்கும் வண்டி எதுவும் இல்லை. வருகிற ஆட்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வண்டி ஆகிறார்கள்.

கூடியபின் என்ன நடக்கிறது? ஐராக்-4 ஒரு கைனேஸ் நொதி. பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டுவது அதன் தொழில். தனியாக மிதக்கும்போது மந்தமாக இருக்கும். நான்கு பேரை நெருக்கி உட்கார வைத்தால் ஒன்று மற்றொன்றின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி முடுக்கிவிடுகின்றன. நெருக்கம்தான் சாவி. அதன் பிறகு செய்தி வேறு சில புரதங்கள் வழியாகக் கைமாறிப் போகிறது. அந்தப் பெயர்ப் பட்டியல் நமக்கு வேண்டியதில்லை. கடைசியில் வருவது முக்கியம். என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் சைட்டோபிளாசத்தில், இன்னொரு புரதம் கட்டிப்போட்டதால் அடைபட்டுக் கிடக்கிறது. வந்த செய்தி அந்தக் கட்டை அழிக்கிறது. விடுபட்டது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. செல் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவற்றைச் சுரக்கத் தொடங்குகிறது. ஏற்பியைத் தொட்டதிலிருந்து என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைவதற்கு அரை மணி நேரம் போதும்.

இந்தச் சுரப்புகள் இரத்தத்தில் கலந்து மூளையின் ஹைப்போதலாமஸை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் உண்டாகி, உடல் வெப்பத்தின் இலக்கு உயர்த்தி வைக்கப்படுகிறது. பிள்ளை நடுங்கிப் போர்வை கேட்பது அதனால்தான். உடம்பு புதிய இலக்கை எட்ட முயல்கிறது. பாராசிட்டமால் குறைப்பது புரோஸ்டாகிளாண்டினை. அதே நேரம் அதே சுரப்புகள் பக்கத்துச் செல்களையும் நிணநீர்க் கணுக்களையும் உசுப்பி, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நினைவுச் செல்களை உருவாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கின்றன. முத்தடுப்பு ஊசியில் உள்ள கக்குவான் பாக்டீரியா முழுச் செல்லாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. அதன் உறையில் எண்டோடாக்சின் இருக்கிறது. அது டோல்-4-ஐத் தொடுகிறது. செத்தவனோடு எப்படிச் சண்டை என்று கேட்ட மாணவனுக்கு விடை இதுதான்: சண்டை நடக்கவில்லை, செத்த கிருமியின் சட்டையைப் பார்த்து மணி அடித்திருக்கிறது.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஜனவரி 3 முதல் 15 வயதைத் தாண்டிய மாணவர்களுக்குக் கோவாக்சின் போட்டார்கள். பல பள்ளிகளிலேயே முகாம் நடந்தது. மார்ச் 16 முதல் 12 வயதினருக்குக் கோர்பிவேக்ஸ். கோவாக்சினில் செயலிழக்கச் செய்த வைரசோடு அலுமினியக் கூழும், அதில் ஏற்றிய ஒரு சிறு மூலக்கூறும் உண்டு. அந்த மூலக்கூறு டோல்-7, டோல்-8 ஏற்பிகளை இயக்குவதற்காகவே சேர்க்கப்பட்டது. கோர்பிவேக்ஸில் வைரசின் ஒரு புரதத் துண்டு மட்டும்தான். அது தனியாகப் போதாது என்பதால், பாக்டீரியா டி.என்.ஏ. போலத் தோன்றும் சிபிஜி என்ற துணைப்பொருள் டோல்-9-க்காகச் சேர்க்கப்பட்டது. ஜேன்வே கேலி செய்த அதே ரகசியம், இப்போது தெரிந்தே, அளந்து, கலக்கப்பட்டிருக்கிறது. டோல்-7, 8, 9 மூன்றும் செய்தியை அனுப்புவது மை-டி-88 வழியாகத்தான். வரிசையில் நின்று சட்டைக் கையை மடித்துக் கொடுத்த நம் மாணவர்களின் தோளில் இந்த ஜீப்புகள் நிறைந்து கிளம்பியிருக்கின்றன. பாடம் நடத்த இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்குமா?

கோபுரம் எழாவிட்டால் என்ன ஆகும் என்பதும் மனிதரிலேயே தெரிந்திருக்கிறது. பிறவியிலேயே ஐராக்-4 இல்லாத குழந்தைகளைப் பற்றி 2003-லும், மை-டி-88 இல்லாத குழந்தைகளைப் பற்றி 2008-லும் மருத்துவ உலகம் அறிந்தது. மிக அரிதான குறை. இந்தக் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் மூளைச்சவ்வு வரை, இரத்தம் வரை திரும்பத் திரும்பத் தொற்றுகின்றன. சிறு வயதிலேயே இறந்தவர்கள் பலர். அவ்வளவு கடும் தொற்றிலும் பலருக்குக் காய்ச்சல் தாமதமாகவோ குறைவாகவோதான் வருகிறது. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலான வைரஸ்களையும் பூஞ்சைகளையும் அவர்கள் நம்மைப் போலவே சமாளிக்கிறார்கள். வளரிளம் பருவத்துக்குப் பிறகு பாக்டீரியாத் தொல்லையும் குறைந்துவிடுகிறது. மற்ற எதிர்ப்பு வழிகள் அதற்குள் வளர்ந்து ஈடுகட்டுவதாகக் கருதுகிறார்கள். வகுப்பில் சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று உட்கார வைத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. சூடு இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். முகம் வாடியிருக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மை-டி-88-இல் 265-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிவிட்டால், கிருமி எதுவும் வராமலே கோபுரம் தானாக எழும்பிவிடும். வெள்ளையணுப் புற்றுநோய் வகைகள் சிலவற்றில் இந்த மாற்றம் இருப்பது 2011-லும் 2012-லும் தெரியவந்தது. ஆளே ஏறாமல் ஓடும் ஜீப்! இரத்தத்தில் பாக்டீரியா பெருகும்போது உடம்பெங்கும் ஒரே நேரத்தில் மணி அடித்து, இரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் செயலிழப்பதும் இதே பாதையின் மிகைதான். ஆகவே நிறுத்துவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போனதும் இயக்கும் மரபணுக்களில் ஒன்று, அதையே மறுபடி கட்டிப்போடும் புரதத்தின் மரபணு. சாதாரண ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணிவதற்கு இப்படிப்பட்ட தடைகளும் காரணம். அதற்கு மேல் நீடித்தாலோ, சூடு மிக அதிகமானாலோ, வலிப்பு வந்தாலோ, ஊசிக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதை வகுப்பில் நடத்த ஒரு விளையாட்டு. மைதானத்தில் கயிறு ஒன்றை நீளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் செல் சவ்வு. கயிற்றின் மேல் இரண்டு பேர், ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே. வெளியே ஒருவன் ஏலக்காய்ப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து இருவர் கையிலும் சேர்த்து வைக்கிறான். உடனே இருவரின் உள்கைகளும் சேர வேண்டும். சேர்ந்த கையை ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து பிடிக்கிறார்கள், அவர்களை நால்வர், அந்த நால்வரை இன்னும் நால்வர். நடுவில் நிற்கும் நால்வர் கையில் வண்ணச் சுண்ணக்கட்டி இருக்கும். நால்வரும் நெருங்கி நின்றால்தான் ஒருவர் முதுகில் ஒருவர் கோடு போட முடியும். கோடு விழுந்ததும் கடைசி வரிசை கத்தலாம். தூரத்தில் இருவர் நடுவே அகப்பட்டு நிற்கும் பிள்ளை விடுபட்டுத் தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஓடலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு முறை முழுதாக விளையாடியபின், அடிவரிசை ஆறு பேரில் இருவரை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பிறகு பழம் வராமலே ஆறு பேரையும் கைபிடிக்கச் சொல்லுங்கள். "இது தப்பாட்டம்" என்று சத்தம் வரும். மை-டி-88-இன் 265-ஆம் இடத்தைப் பற்றிச் சொல்ல அதுவே தருணம்.

தாய்மாருக்கு என்ன சொல்வது? கோபுரமும் கைனேஸும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் சொல்வது இவ்வளவுதான்: "ஊசி மருந்து காய்ச்சலைக் கொண்டாரல. கிருமியோட அடையாளத்தை உடம்பு பார்த்துருச்சு, ஆள் கூட்டிருச்சு. அந்தச் சூடு உங்க புள்ளையோட சொந்த வேலை. காய்ச்சல் வராத புள்ளைக்கும் ஊசி வேலை செய்யும், வந்த புள்ளைக்கும் செய்யும்." கடைசி வரி அவசியம். இல்லாவிட்டால், என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லையே, ஊசி பிடிக்கவில்லையோ என்று மறுநாள் வேறொரு தாய் வந்து நிற்பார்.

கூலி இழப்புக்கு அறிவியல் விளக்கம் ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு நம் கையில் இருப்பது நாள்காட்டி. தோட்ட வேலைக்குப் பெரும்பாலோர் போகாத நாள் எது என்று ஊரில் கேட்டு, அதற்கு முந்தைய நாளில் முகாம் வைக்கச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். பறிப்புக் காலத்தில் பெற்றோரோடு மலையிலேயே தங்கிவிடும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை போடி வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அட்டையின் ஒளிப்படத்தைத் தாயின் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்துவிட்டால், எல்லைக்கு அப்பால் உள்ள சுகாதார நிலையத்திலும் அடுத்த தவணையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கான கரும்பலகைப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் படியெடுத்துக்கொள்ளுங்கள்.